"இறங்கித் தள்ளிட்டுப் போயிருக்கலாம்ல?"

விடிகாலை ஐந்து மணி. சிக்னல் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. மஞ்சள் விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிகிறது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரான அக்கா ஒருவர் சைக்கிளில் நேராகப் போகிறார். பின்னால் வந்த வேன் அவரைத் தாண்டி, சட்டென்று இடப்பக்கம் திரும்புகிறது. கால் எலும்பு முறிந்துவிட்டது. அவருடைய மகளோடு நான் காவல் நிலையத்துக்குப் போனேன். ரைட்டர் கேட்ட முதல் கேள்வி: "ரோட்டைத் தாண்டும்போது இறங்கித் தள்ளிட்டுப் போயிருக்கலாம்ல?"

ஊர்த்தெருவுக்குள் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது எங்கள் தாத்தாக்கள் அனுபவித்த தீண்டாமை. அது எல்லா ஊரிலும் ஒழிந்துவிடவில்லை. ரைட்டர் அதை நினைத்துக் கேட்டிருக்க மாட்டார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

சிக்னலில் விதியை மதிக்காதவர்கள் சைக்கிள்காரர்கள்தான் என்று ஒரு பேச்சு உண்டு. சிவப்பில் போகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவருக்கு 40 மீட்டர் அகலச் சந்திப்பைக் கடக்க 12 வினாடி ஆகும். மஞ்சள் எரிவதோ சில வினாடிகள்தான். பச்சையின் கடைசி நொடியில் நுழைந்தவர், விதிப்படி நுழைந்தும், நடுவில் மாட்டிக்கொள்கிறார். இதில் ஃப்ரீ லெஃப்ட் வேறு. இடப்பக்கம் திரும்பும் வண்டிகள் நிற்பதே இல்லை. ஓரமாக நேரே போகும் சைக்கிள் அவற்றின் குறுக்கேதான் போயாக வேண்டும். அந்த நேரம் யார் அந்த ஓரத்தில் மிதிக்கிறார்கள்? தூய்மைப் பணியாளர்கள், வாட்ச்மேன்கள், சித்தாள்கள். சந்திப்பைத் திட்டமிடும் மேசையில் இவர்கள் யாரும் உட்கார்ந்ததில்லை.

ரைட்டரின் கேள்வி வெறும் கேள்வியாக நின்றுவிடாது என்பதுதான் பெரிய சிக்கல். "கவனக்குறைவாகக் கடந்தார்" என்று எஃப்.ஐ.ஆரில் ஒரு வரி விழுந்தால், விபத்துத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும். இவர் பக்கமும் தவறு என்று முடிவானால் இழப்பீட்டில் அந்த விகிதத்தைக் கழித்துவிடுவார்கள். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: படுகாயத்துக்கு 50,000 ரூபாய், உயிர் போனால் 2 லட்சம்.

அந்த ஒரு வரி ஏறாமல் தடுக்க எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. தோழர்களே, இப்படி யாரோடாவது நிலையத்துக்குப் போனால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுதியதை முழுக்கப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். "நாளைக்கு வாங்க" என்றால் அங்கேயே உட்காருங்கள்.