இழுத்துச் செல்லும் வீடு

அமெரிக்காவில் விடுமுறை வந்தால், பலர் வீட்டையே இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்! முன்னால் டிரக், பின்னால் சக்கரம் வைத்த டிரெய்லர் வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, குளியல் அறை எல்லாம் உண்டு.

ஆனால், பயணத்தின் சுகம் மெத்தையில் இல்லை. பாரம் ஏற்றும் முறையில் இருக்கிறது.

1954-ல் வெளிவந்த "தி லாங், லாங் டிரெய்லர்" படத்தில், கதாநாயகி லூசில் பால் போகிற இடமெல்லாம் கல் பொறுக்கி டிரெய்லரில் சேர்ப்பார். அந்தச் சுமையோடு மலைப் பாதையில் தம்பதிகள் படும் பாடு சிரிப்பை மூட்டும். உண்மைச் சாலையில் அது உயிர் போகும் விஷயம்!

டிரெய்லர் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு, இணைக்கும் கொக்கியில் அழுந்த வேண்டும். 3,000 கிலோ டிரெய்லர் என்றால், 300 முதல் 450 கிலோ. குறைந்தால் டிரெய்லர் பாம்புபோல் நெளியும். டிரக்கையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். கூடினால் டிரக்கின் பின்புறம் தாழ்ந்து, முன் சக்கரங்களின் பிடி தளரும். பாரத்தைப் பங்கிடும் கொக்கி பூட்டினால், முன் சக்கரங்களுக்கும் சுமை போய்ச் சேரும்.

கனமான சாமான்களைத் தாழ்வாக, சக்கர அச்சுக்கு அருகில் வைக்க வேண்டும். தண்ணீரையும் மறக்கக்கூடாது. 100 லிட்டர் என்றால் 100 கிலோ!

"இந்த டிரக் எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்டால் மட்டும் போதாது. "எவ்வளவு சுமக்கும்?" என்றும் கேட்க வேண்டும். ஆட்கள், மூட்டை முடிச்சு, கொக்கியின் பாரம் மூன்றும் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும்.

புறப்படுமுன் ஒரு முறை எடை மேடையில் ஏற்றிப் பார்ப்பதே நல்லது. பாரம் சரியாக இருந்தால்தான் பயணம் இன்பமாக இருக்கும்.