பேப்பரில் வந்தால் நிஜமா? வெளிநாட்டு டாக்டர் படிப்புக்கு ஆள் பிடிக்கும் 'செய்தி'

நீட் ரிசல்ட் வந்தால் போதும், "ஜார்ஜியாவில் டாக்டர் படிப்பு: மாணவர்களுக்கு வழியனுப்பு விழா" என்று செய்தி வந்துவிடும். கடைசி வரியில் ஏஜென்ட் செல்போன் நம்பர். எழுதித் தருவதே ஏஜென்ட் ஆபீஸ்தான். நாங்களும் அப்படியே போட்டிருக்கிறோம், மறைப்பானேன்? அதை ஜெராக்ஸ் எடுத்து, "பேப்பர்லயே வந்திருக்கு பாருங்க" என்று காட்டினால் தாய் நகையைக் கழற்றிக் கொடுத்து விடுகிறார்.

அதில் வராத விஷயம் இது. 2021 விதிப்படி ஆங்கிலத்தில் 54 மாதம் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி முடித்திருக்கணும். திரும்பி வந்து தகுதித் தேர்வில் 300-க்கு 150 மார்க் எடுக்காவிட்டால் இங்கே டாக்டர் போர்டு மாட்ட முடியாது.

2022-ல் உக்ரைன் போரில் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விட்டு ஓடி வந்ததும் செய்திதான். அதையும் ஏஜென்ட்டுகள் விடவில்லை. "அது ரிஸ்க், இந்த நாடு சேப்டி" என்று அடுத்த கடையை விரித்தார்கள். முன்பணம் கட்டும் முன் அந்த 54 மாதக் கணக்கைக் கல்லூரி லெட்டரில் கேளுங்க.