ஆச்சியிடம் கேட்காமல் விட்டவை

எங்கள் ஆச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது அச்சடித்த நினைவு அட்டையில் ‘ஜெபத் தாய்’ என்று போட்டோம். பொய்யில்லை. விடியுமுன் எழுந்து வேதம் வாசிப்பார். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபிப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போகாமல் இருந்து நாங்கள் பார்த்ததில்லை. அடக்க ஆராதனையில் பேசிய எல்லோரும் அதைத்தான் சொன்னோம். அவர் காலமெல்லாம் அரசாங்க நர்ஸாக வேலை பார்த்தவர் என்பதற்கு அட்டையில் ஒரு வரிகூட இல்லை. மகன்கள், மருமகன்களின் பட்டமும் உத்தியோகமும் மட்டும் ஒன்றுவிடாமல் இருந்தன.

அந்த அட்டையை அச்சகத்துக்கு அனுப்புமுன் நாங்கள் எல்லோரும் படித்துப் பார்த்தோம். ஒருவருக்கும் குறையாகத் தோன்றவில்லை.

ஆச்சி பயிற்சி பெற்றது வேலூரில். மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் அங்கே செவிலியர் பள்ளியைத் தொடங்கியபோது, அயலார் உடம்பைத் தொட்டுக் கழுவுகிற வேலைக்குப் பெண்ணை அனுப்புவதைக் குடும்பங்கள் இழிவாக நினைத்தன. வெகுகாலம் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களே பெரும்பாலும் இந்த வேலைக்கு வந்தார்கள். ஆச்சி படித்து முடித்த காலத்தில் நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அவர் வேலை பார்த்த திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் அவருக்குச் சொந்தப் பெயரே இல்லை, நர்சம்மாதான்.

அந்த நாளில் பச்சைக் குழந்தைகளைக் கொண்டுபோன நோய்களில் கொடியது ரணஜன்னி. நன்றாகப் பிறந்த பிள்ளை சில நாளிலேயே பால் குடிக்க முடியாமல் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து இறந்துபோகும். தொப்புள்கொடியை அறுத்த கத்தியின் அழுக்கு வழியாகவும், அறுத்த இடத்தில் வைத்த சாம்பல், சாணி வழியாகவும் உள்ளே போன கிருமிதான் காரணம். இதைத் தடுக்கப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை. கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, சோப்புப் போட்டுக் கழுவிய கை, கொதிக்கவைத்த பிளேடு, சுத்தமான நூல், தொப்புளில் எதையும் வைக்காமல் இருப்பது, இவ்வளவே போதும். ஆனால் இதை ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து மாமியார்களிடமும் ஊர் மருத்துவச்சிகளிடமும், அவர்கள் மனம் நோகாமல், திரும்பத் திரும்பச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆச்சி வெயிலில் நடந்து நடந்து அதைச் செய்தார்.

தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. எந்த மாவட்டத்திலும் 1000 குழந்தை பிறந்தால் ஒன்றுக்குக்கூட அந்த நோய் இல்லை என்ற அளவு அது. ஆச்சி அப்போது உயிரோடு இருந்தார், காதும் கேட்டது. எங்களில் ஒருவராவது அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “ஆச்சி, நீங்க பார்த்த வேலை ஜெயிச்சிட்டு” என்று சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. அந்தச் செய்தியை ஆச்சியோடு சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை. அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டிருந்தால்தானே தெரியும்?

அவர் காலத்துக்குப் பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். வேதப்புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டோம். அவர் கைப்பட எழுதிய நோட்டுகளைப் பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போட்டோம். வீட்டில் இடமில்லை என்றோம். எங்கள் வசதிக்கு எப்போதும் அந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்திருக்கிறது. பிறகொரு நாள் அந்த வேதப்புத்தகத்தைப் புரட்டியபோது, சங்கீதப் பக்கங்களின் ஓரமெல்லாம் பென்சிலில் பெண்களின் பெயர்கள். எல்லா மதத்துப் பெயர்களும் இருந்தன. எங்களுக்கு ஒருவரையும் தெரியவில்லை. பெரியம்மாதான் சொன்னார்: அந்தந்த மாதம் பிரசவத்துக்கு நாள் குறித்த பெண்கள், தலைச்சன் பிரசவமும் சிக்கலான பிரசவமும், அவர்களுக்காக ஆச்சி காலையில் ஜெபித்துவிட்டு, அதே பெண்களைப் பார்க்கக் கிளம்பிப் போவார்.

ஜெபத்தையும் வேலையையும் ஆச்சி பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்தது நாங்கள். பக்தியைப் புகழ்வது எங்களுக்கு எளிதாக இருந்தது, அதற்காக நாங்கள் எதுவும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. இரத்தமும் மலமும் கலந்த அவருடைய வேலையைப் பற்றிப் பேச எங்களுக்குக் கூச்சம் இருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில், “நர்ஸா? நைட் டூட்டி எல்லாம் இருக்குமே” என்று எங்கள் குடும்பமே சொல்லித் திரும்பியிருக்கிறது. வீட்டுக்கு வந்து அதையே பேசியதை ஆச்சி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இது எங்கள் வீட்டோடு நிற்கிற குற்றமுமில்லை. 2020-ஐ உலக சுகாதார நிறுவனம் செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டில் கொரோனா பரவியபோது வாசலில் நின்று கைதட்டியவர்களும் நாம்தான், குடியிருந்த நர்ஸை வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்களும் நம்மிடையேதான் இருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து குணமாகி வரும்போது டாக்டருக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்குகிறோம். ராத்திரி முழுக்க டிரிப்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசி மாதங்களில் ஆச்சி படுக்கையோடு ஆனார். எத்தனையோ பேரைக் கழுவித் துடைத்தவரைக் கழுவித் துடைக்க நாங்கள் ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்தோம். அதில் தவறில்லை, எங்களுக்கு அந்த வேலை தெரியாது. படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடும் விதத்தை அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தது படுத்திருந்த ஆச்சியேதான். அப்போதாவது நாங்கள் பக்கத்தில் நின்று கற்றிருக்கலாம். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம்.

இப்போது அந்த வேதப்புத்தகத்தில் இருக்கும் பெயர்களைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆச்சி வேலை பார்த்த ஊர்களுக்குப் போய், அந்தப் பெண்களில் இருப்பவர்களைத் தேடி, நர்சம்மாவைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். நினைவு நாள் அட்டையில் இந்த முறை அவருடைய வேலையும் இருக்கும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஓய்வுபெற்ற நர்சம்மா ஒருவர் இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். எந்த ஊரில், எந்த வருஷம், என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். பழைய நோட்டுகள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.