கேமிங் பிசி-க்கு எஸ்.எஸ்.டி வாங்கப் போறீங்களா? வேகத்தை விட இடம்தான் முக்கியம்... ஏன்?

2025 டிசம்பர் தொடக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு அறிவிப்புகள் வந்தன. 'ஹெல்டைவர்ஸ் 2' கேமின் பிசி பதிப்பு சுமார் 154 ஜிபி-யிலிருந்து 23 ஜிபி-யாகக் குறைவதாக அதன் ஸ்டூடியோ ஆரோஹெட் சொன்னது. மெமரி சிப் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான மைக்ரான், தனது 'க்ரூஷியல்' பிராண்டு ரேம், எஸ்.எஸ்.டி விற்பனையிலிருந்து வெளியேறுவதாக அறிவித்தது. கேமிங் பிசி அசெம்பிள் செய்ய பணம் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே முக்கியம்.

விலை ஏன் ஏறுது?

எஸ்.எஸ்.டி-க்குள் இருப்பவை நாண்ட் ஃபிளாஷ் சிப்கள். இவற்றை உலகத்துக்கே தயாரித்துத் தருவது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், கியாக்ஸியா, சான்டிஸ்க் என விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள்தான். இப்போது ஏஐ டேட்டா சென்டர்கள் இதே நிறுவனங்களிடம் மொத்தமாக ஆர்டர் கொடுக்கின்றன. பெரிய கஸ்டமருக்குத்தான் முதல் சப்ளை. மைக்ரான் சொன்ன காரணமும் டேட்டா சென்டர் தேவைதான். இதனால் 2025 இறுதியில் எஸ்.எஸ்.டி விலை ஏறத் தொடங்கியது. தேவையில்லாத வேகத்துக்குக் காசு கொடுத்தால், கையைக் கடிக்கும்.

ஹார்டு டிஸ்க்கே போதாதா?

கேம் போட... போதாது. ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுழல வேண்டும், ஹெட் நகர்ந்து ஃபைலைத் தேட வேண்டும். இந்தத் தேடலில்தான் நேரம் போகிறது. தேடலைக் குறைக்க, ஹெல்டைவர்ஸ் 2-ல் ஒரே ஃபைலைப் பல இடங்களில் காப்பி செய்து வைத்திருந்தார்கள். கேம் அவ்வளவு வீங்கியதற்குக் காரணம் இதுதான்.

ஸ்டூடியோ சோதித்தபோது, காப்பிகளை நீக்கினாலும் ஹார்டு டிஸ்க்கில் சில விநாடிகள்தான் கூடுதலாக ஆனது. அந்த கேமை ஹார்டு டிஸ்க்கில் ஆடுபவர்களும் சுமார் 11 சதவிகிதம்தான். ஆனால் எல்லா கேமும் இப்படி விட்டுக்கொடுக்காது. 2023-ல் வந்த 'ஸ்டார்ஃபீல்ட்', 'பால்டர்ஸ் கேட் 3' இரண்டுமே எஸ்.எஸ்.டி தேவை என்கின்றன.

அதுக்காக பழைய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். படம், போட்டோ, கேம்ப்ளே ரெக்கார்டிங், பேக்கப் எல்லாவற்றுக்கும் அது இன்னமும் நல்ல குடோன்.

அப்போ எந்த எஸ்.எஸ்.டி?

பெட்டியில் இருக்கும் அதிகபட்ச வேகம் விநாடிக்கு சுமாராக இப்படி:

• சாட்டா: 550 எம்பி
• ஜென் 3: 3,500 எம்பி
• ஜென் 4: 7,000 எம்பி
• ஜென் 5: 14,000 எம்பி

ஜென் 5 வாங்கினால் கேம் இரண்டு மடங்கு வேகமாக லோட் ஆகுமா? ஆகாது. டிரைவ் ஃபைலைப் படித்துக் கொடுத்த பிறகு, சுருக்கி வைத்த டேட்டாவை விரிப்பது, மேப்பைத் தயார் செய்வது என பிராசஸருக்கு நிறைய வேலை இருக்கிறது. டிரைவ் அதுவரை சும்மாதான் இருக்கும். இந்தத் தடையைக் குறைக்க மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த 'டைரக்ட்ஸ்டோரேஜ்' வசதி 2023-ல் 'ஃபோர்ஸ்போக்கன்' மூலம் பிசி-க்கு வந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தும் கேம்கள் குறைவு.

இடம் விஷயம் வேற. பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபி, ஸ்டார்ஃபீல்டுக்கு 125 ஜிபி. 500 ஜிபி டிரைவ், விண்டோஸில் 465 ஜிபி என்றுதான் காட்டும். விண்டோஸ், இந்த இரண்டு கேம் போட்டாலே பெரும்பகுதி காலி. டிரைவ் நிரம்ப நிரம்ப எழுதும் வேகமும் குறையும். அதனால், ஜென் 5-ல் 1 டிபி வாங்கும் காசுக்கு ஜென் 4-ல் கூடுதல் இடம் கிடைத்தால், யோசிக்காமல் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

வாங்கும் முன் செக் பண்ணுங்க

• மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் இருக்கிறதா, அது எந்த ஜென் என்று பாருங்கள். இல்லையென்றால் 2.5 இன்ச் சாட்டா எஸ்.எஸ்.டி போதும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து மாறுபவர்களுக்கு அதுவே பெரிய வித்தியாசம்.
• டிஎல்சி வகைக்கு முன்னுரிமை. க்யூஎல்சி விலை குறைவு. ஆனால் பெரிய ஃபைலைத் தொடர்ந்து காப்பி செய்யும்போது திணறும்.
• ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, பில்லும் வாரன்டியும் கட்டாயம். நல்ல மாடல்களுக்கு 5 வருட வாரன்டி உண்டு.

பட்ஜெட் இடித்தால், இப்போதைக்கு 1 டிபி ஜென் 4 வாங்கலாம். ஆடாத கேமை ஸ்டீம் செட்டிங்ஸ் வழியாகவே பழைய ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி, வேண்டும்போது திரும்பக் கொண்டுவரலாம். மறுபடி டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை. மதர்போர்டில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருந்தால், இன்னொரு டிரைவை விலை இறங்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.