கேட்காமல் பிடித்தார்கள், கேட்டால்தான் தருவார்களாம்

2024 நவம்பர் மாதம் ஒரு நாள் காலை அக்காவிடமிருந்து போன். "தம்பி, போஸ்டாபீஸ்ல என் பழைய கணக்கை முடிச்சுட்டேன். ஐம்பத்திரண்டாயிரம் குறைச்சுக் கொடுத்திருக்காங்க. கேட்டா வரிங்கிறாங்க. நான் எந்தக் காலத்துல வரி கட்டினேன்?"

அக்காவுக்கு வயது 82. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் மாதம் 24,000. வங்கி வட்டி வருஷத்துக்கு 40,000 வரும். அவ்வளவுதான். அவர் முடித்த கணக்கு தேசிய சேமிப்புத் திட்டம், 1987. நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். சம்பளக்காரர்கள் மார்ச் மாதம் வந்தால் வரிச்சலுகைக்காக ஓடி ஓடிப் போட்ட கணக்கு. தொடக்கத்தில் 11 சதவீத வட்டி. போடும் தொகைக்கு 80சிசிஏ பிரிவில் கழிவு. 1992-இல் புதிதாகப் பணம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். போட்டது மட்டும் வட்டியோடு உள்ளே கிடந்தது.

அக்காவை அதில் பணம் போட வைத்தவன் நான்தான். அப்போது கருவூலத்தில் எழுத்தராக இருந்தேன். "அரசாங்கத்துப் பணம் அக்கா, கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க" என்று சொன்னேன். 1991 வரை முப்பதாயிரம் சொச்சம் போட்டார். முப்பத்து மூன்று வருஷம் தொடவில்லை. அது 5,20,000 ஆகியிருந்தது. அதனால் இந்தக் கட்டுரையில் எனக்குச் சொந்தப் பொறுப்பு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கணக்குகளுக்கு 2024 அக்டோபர் 1 முதல் வட்டி கிடையாது என்று அரசு அறிவித்தது. வட்டி இல்லாத பணத்தை யார் விட்டு வைப்பார்கள்? வயதானவர்கள் எல்லாரும் எடுக்கப் போனார்கள். எடுத்தபோது 194இஇ பிரிவின்படி 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தார்கள். ஒரு வருஷத்தில் 2,500 ரூபாய்க்கு மேல் எடுத்தாலே பிடித்தம் இருந்தது.

2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் பட்ஜெட்டில் ஒரு நல்ல காரியம் செய்தார். இந்தக் கணக்குகளில் வட்டி நின்றுவிட்டதால், 2024 ஆகஸ்ட் 29 அன்றோ அதற்குப் பிறகோ எடுத்த பணத்துக்கு வரி இல்லை என்றார். பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் டி.டி.எஸ். பிடிக்க வேண்டாம் என்ற அறிவிக்கை வந்தது 2025 ஏப்ரல் 4 அன்றுதான்.

இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 29-இலிருந்து ஏப்ரல் வரை ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் எடுத்த பணத்துக்கு வரியே இல்லை. ஆனால் வரி பிடித்திருக்கிறார்கள். என் அக்காவின் 52,000 அந்த ஏழு மாதத்தில் போனது.

"ரிட்டர்ன் போட்டால் ரீஃபண்ட் வந்துவிடுமே" என்பார்கள். வரும். ஆனால் யாருக்கு வரும்? ரிட்டர்ன் போடத் தெரிந்தவனுக்கு வரும். அக்காவின் வருமானத்தைப் பாருங்கள். பென்ஷன் 2,88,000, வட்டி 40,000. நிலையான கழிவு 75,000 போனால் 2,53,000. 2024-25 நிதியாண்டில் புதிய முறையில் 3 லட்சம் வரை வரியே கிடையாது. இந்த வருமானம் மட்டும் என்றால் ரிட்டர்ன் போட வேண்டிய கட்டாயமும் இருந்திருக்காது. வாழ்நாளில் ஒரு ரிட்டர்ன் போடாத 82 வயதுக்காரர், தனக்கு வராத வரியைத் திரும்பப் பெறுவதற்காக முதல் ரிட்டர்ன் போட வேண்டும். இது என்ன நியாயம்?

"15எச் படிவம் கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்களே" என்று ஓர் ஆடிட்டர் நண்பர் கேட்டார். அங்கேதான் சூட்சுமம். தனக்கு வரி வராது என்று உறுதிமொழி கொடுக்கும் படிவம் அது. நவம்பரில் இருந்த சட்டப்படி 5,20,000-மும் வருமானம். சேர்த்தால் 7,73,000. 7 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடியும் கிடையாது. 28,000 ரூபாய்க்கு மேல் வரி வரும். அப்படியிருக்க 15எச்-இல் கையெழுத்துப் போட்டால் அது பொய்க் கையெழுத்து. பிப்ரவரியில் அமைச்சர் என்ன சொல்வார் என்று நவம்பரில் அக்காவுக்கு எப்படித் தெரியும்? சட்டத்தை மதித்தவர் மாட்டிக்கொண்டார்.

கவுன்டரில் இருந்த பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அன்றைய விதிப்படி அவர் பிடித்தார். நானும் முப்பது வருஷம் பில்லில் பிறர் பணத்தைப் பிடித்தவன்தான். பிடிக்காமல் விட்டால் நம் தலையில் விழும் என்பது எனக்குத் தெரியும். குற்றம் மேலே இருக்கிறது.

இன்னொரு வாதமும் உண்டு. "போடும்போது வரிச்சலுகை வாங்கினீர்களே, எடுக்கும்போது கட்டினால் என்ன?" நல்ல கேள்வி. என் சொந்தக் கணக்கை 2019-இல் முடித்தேன், முழுத் தொகைக்கும் வரி கட்டினேன். அன்றைக்குச் சட்டம் அது. போடும்போது சலுகை, எடுக்கும்போது வரி, கணக்கு நேர். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் வரி இல்லை என்று அரசே பாராளுமன்றத்தில் சொன்ன பிறகு, பிடித்து வைத்த பணம் யாருடையது? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

என் அப்பா சைகோனில் ஒரு செட்டியார் கடையில் கணக்குப் பார்த்தவர். பிரெஞ்சு தெரிந்தால் பிழைத்துக்கொள்வான் என்று என்னைப் புதுச்சேரியில் மாமா வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார். அந்தப் பள்ளியில் கற்ற ஒரு சொல் இப்போது ஞாபகம் வருகிறது: த்ரோ-பெர்சு. 'அளவுக்கு மேல் வாங்கியது' என்று அர்த்தம். வரியில் திரும்பத் தரும் பணத்தை அங்கே அப்படிச் சொல்வார்கள். தவறு வாங்கியவன் பக்கம் என்பது சொல்லிலேயே இருக்கிறது. நாமோ ரீஃபண்ட் என்று சொல்லி, ஏதோ தானம் வருவது போலக் காத்திருக்கிறோம்.

அப்பா எழுதிய பேரேட்டில் எவர் பணமாவது கூடுதலாக வந்துவிட்டால் அதை லாபத்தில் சேர்க்க மாட்டார். அவர் பேரில் தனியாக வரவு வைத்து, ஆளைத் தேடிக் கொடுத்த பிறகுதான் ஐந்தொகை போடுவார். பேனாவும் காகிதமும் மட்டும் வைத்துக்கொண்டு செய்தார். இன்று வருமான வரித் துறையிடம் என்ன இல்லை? எந்த பான் எண்ணில், எந்தத் தேதியில், எந்தப் பிரிவில், எவ்வளவு பிடித்தார்கள் என்பது 26ஏஎஸ்-இல் வரிக்கு வரி இருக்கிறது. 194இஇ பிரிவில் அந்த ஏழு மாதப் பிடித்தங்களைக் கணினியில் தேடி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

தாமதத்துக்கு வட்டி தருகிறார்களே என்றால், அதையும் பாருங்கள். நாம் கட்ட வேண்டியதைத் தாமதித்தால் மாதம் 1 சதவீதம். அவர்கள் தர வேண்டியதைத் தாமதித்தால் அரை சதவீதம். அந்த அரைக்கும் வரி உண்டு.

அக்காவுக்கு 2025 ஜூலையில் நான் ரிட்டர்ன் போட்டேன். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருந்தது. பாஸ்புக்கில் அத்தான் பெயரின் இனிஷியல். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று வங்கிக் கணக்கு ஏற்கப்படவில்லை. அதைச் சரி செய்ய மூன்று நடை. ஆதார் ஓ.டி.பி. பெங்களூரில் இருக்கும் பேரன் போனுக்குப் போனது. அவன் மீட்டிங்கில் இருந்தான். ஓ.டி.பி. காலாவதியானது. மறுபடி. பிறகு 52,000 ரூபாயும், ஐந்து மாத வட்டி 1,300-உம் வந்து சேர்ந்தது.

அக்காவுக்குத் தம்பி இருந்தான். இல்லாதவர்கள்?

என் கோரிக்கை மூன்றே. ஒன்று, அந்த ஏழு மாதத்தில் பிடித்ததை, ரிட்டர்ன் கேட்காமல், கணக்கை முடித்தபோது பணம் போன அதே வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு, சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு கடிதம் வர வேண்டும். தபால்காரரைக் கையில் வைத்திருக்கும் அரசுக்கு இது கஷ்டமா? மூன்று, இந்தத் தொகைக்குக் கெடு வைக்கக் கூடாது.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது இது. 2024 ஆகஸ்ட் 29 முதல் 2025 மார்ச் 31 வரை இந்தக் கணக்கில் பணம் எடுத்திருந்தால், பாஸ்புக்கையும் 26ஏஎஸ்-ஐயும் எடுத்துப் பாருங்கள். எடுத்த தொகையை வரிவிலக்கு வருமானமாகக் காட்டி, பிடித்ததைத் திரும்பக் கேளுங்கள். 2025-இல் கெடுவை செப்டம்பர் 16 வரை நீட்டினார்கள். அதை விட்டவர்கள் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போட முடிந்தது. அதையும் விட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போட வேண்டும். அவர்கள் பிடித்ததற்கு நாம் மன்னிப்புக் கேட்க வேண்டும்!

காரைக்குடியிலும் சுற்று வட்டாரத்திலும் இருப்பவர்கள், வீட்டில் கணினி தெரிந்த பிள்ளைகள் இல்லையென்றால், பான் கார்டு, ஆதார், பாஸ்புக் மூன்றையும் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு மேல் என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். காசு வேண்டாம். ஓ.டி.பி. வரும் போன் யாரிடம் இருக்கிறது என்று மட்டும் விசாரித்துவிட்டு வாருங்கள்.