கசப்புக்கு இனிப்பு அடங்குமா?

ஒருவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தால் போதும், வீட்டுக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் வைத்தியர்களாகி விடுவார்கள். காய்கறிக்காரம்மாள் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொல்வாள். எதிர் வீட்டு மாமி நாவல் கொட்டைப் பொடியை மோரில் கலக்கச் சொல்வார். ஆவாரம்பூக் கஷாயத்துக்குச் சிபாரிசு செய்ய ஒருவர். வெண்டைக்காயைக் கீறி இரவெல்லாம் தண்ணீரில் ஊறப் போடச் சொல்ல இன்னொருவர். போதாக்குறைக்கு வாட்ஸ்அப் வேறு!

என் பெரியம்மாவுக்கும் இப்படி யோசனைகள் வந்து குவிந்தன. பத்து வருஷமாக மாத்திரை சாப்பிட்டு வந்தவர், "ஒரு மண்டலம் இதைச் சாப்பிட்டால் மாத்திரையைத் தூர எறிந்து விடலாம்" என்று யாரோ கொடுத்த ஒரு சூரணத்தை நம்பினார். மாத்திரையையும் எறிந்து விட்டார்.

"கசப்புக்கு முன்னால் இனிப்பு நிற்குமா, நீயே சொல்லு!" என்று என்னை மடக்கினார். நானும் சிரித்து விட்டுச் சும்மா இருந்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் வருந்துகிறேன்.

ஏனென்றால், பெரியம்மாவுக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியவில்லை. இந்த வியாதியின் சூதே அதுதான். ரத்தத்தில் சர்க்கரை 250 என்று ஏறினாலும் பலருக்குத் தலைவலி கூட வராது. ஒரு நாள் புதுச் செருப்பு காலைக் கடித்தது. பாதம் ஏற்கெனவே மரத்துப் போயிருந்ததால் புண் வலிக்கவில்லை. வலிக்காததால் யாரும் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, ஒரு விரலை எடுத்தால்தான் காலைக் காப்பாற்றலாம் என்று சொல்லி விட்டார்கள்.

"அப்படியானால் நாட்டு வைத்தியமே பொய் என்கிறாயா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை, சகோதரிகளே! பெரியம்மா தூர எறிந்த மாத்திரையின் பூர்வீகத்தைக் கேளுங்கள். அதன் பெயர் மெட்பார்மின். ஐரோப்பாவில் கலீகா என்று ஒரு செடி உண்டு. அந்த ஊர்ப் பாட்டி வைத்தியத்தில் அதற்கு வெகு காலமாக இடம் இருந்தது. சர்க்கரையைக் குறைக்கும் சத்து அதில் இருப்பது உண்மை. ஆனால் விஷமும் உண்டு. மேய்ந்த ஆடுகள் செத்துப் போயிருக்கின்றன. ரசாயன அறிஞர்கள் அந்தச் சத்தின் இனத்தைச் சேர்ந்த பொருள்களைத் தயாரித்து ஆராய்ந்தார்கள். அவற்றில் ஒன்றான மெட்பார்மினை ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு டாக்டர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1957-ல் முடிவுகளை வெளியிட்டார். ஆகவே மூலிகைக்கும் மாத்திரைக்கும் ஜன்மப் பகை ஒன்றும் இல்லை. யாருக்கு, எவ்வளவு, எத்தனை வேளை என்று அளந்து பார்த்தார்களே, அதுதான் வித்தியாசம்.

நம் வீட்டுச் சரக்குகளுக்கும் குணம் உண்டு. வெந்தயத்தில் இருக்கும் நார்ச்சத்து, சாப்பாட்டிலுள்ள சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. சிறுகுறிஞ்சான் இலையை மென்று விட்டுச் சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள். மணலைத் தின்பது போல் இருக்கும்! ஆனால் ஏமாந்தது நாக்குத்தானே? கசப்பும் இனிப்பும் நாக்கோடு சரி. இட்லியும் சோறும் இனிக்கவா செய்கின்றன? வயிற்றுக்குள் போனதும் அவை சர்க்கரையாகத்தான் மாறுகின்றன. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரைக்குப் பாகற்காயின் கசப்பு தெரியாது.

இன்சுலின் ஊசி போட்டுக் கொள்ளும் குழந்தைகள் விஷயத்தில் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். 1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில், லெனார்ட் தாம்ஸன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதன் முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இந்த வகை நோய் கண்ட குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சில காலம் உயிரை நீட்டிக்க முடிந்ததே தவிர, காப்பாற்ற முடியவில்லை. இந்தக் குழந்தைகளுக்கு ஊசியை நிறுத்தினால், சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. எந்தக் கஷாயமும் அதற்கு ஈடாகாது.

நீரிழிவைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே நம் நாட்டில் குற்றம் என்பது உங்களுக்குத் தெரியுமா? 1954-லேயே அதற்குச் சட்டம் வந்து விட்டது. அப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால், அதுவே முதல் எச்சரிக்கை என்று எடுத்துக் கொள்ளுங்கள்.

கஷாயமோ பொடியோ சாப்பிட ஆசையா? டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் சொல்லாமல் மாத்திரையையோ ஊசியையோ நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகளோடும் இன்சுலினோடும் மூலிகையும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி விடலாம். வியர்த்துக் கை நடுங்கினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொல்லும் தவணையில் செய்து, நோட்டில் குறித்து வையுங்கள். புதிய மருந்து குணம் தந்ததா என்பதை அந்த நோட்டுச் சொல்லும். எதிர் வீட்டு மாமி சொல்ல முடியாது. தினமும் படுக்கப் போகுமுன் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்கு நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

பெரியம்மா இப்போதும் காலையில் ஊறிய வெந்தயம் சாப்பிடுகிறார். டாக்டர் அதைத் தடுக்கவில்லை. ஆனால் வெந்தயக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே மாத்திரையும் இருக்கிறது. ராத்திரியில் அவர் காலை நீட்டுகிறார். நான் பாதத்தைப் பார்க்கிறேன்.

"ஒன்றும் இல்லையே?" என்று கேட்பார்.

"ஒன்றும் இல்லை, பெரியம்மா."

அதைக் கேட்ட பிறகுதான் விளக்கை அணைக்கச் சொல்வார்.