உண்ணத் தகுந்ததெல்லாம் சுவாசிக்கத் தகுந்ததா?

இ-சிகரெட்டுகளைத் தடை செய்யும் அவசரச் சட்டம் 2019 செப்டம்பர் 18 அன்று பிறப்பிக்கப்பட்டது. அதற்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட மசோதாவை நவம்பர் 27 அன்று மக்களவையும், டிசம்பர் 2 அன்று மாநிலங்களவையும் நிறைவேற்றின. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தும் குற்றமாயின. முதல் முறை குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்; மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்று வரையறுக்கப்பட்டது.

அன்றைய விவாதத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எழுப்பிய கேள்விகளில் நியாயம் இருந்தது. இதற்கு அவசரச் சட்டம் எதற்கு? சாதாரண சிகரெட்டையும் பீடியையும் கடையில் விற்க அனுமதித்துவிட்டு இதை மட்டும் தடுப்பது ஏன்? இந்தக் கேள்விகளுக்கு அரசுத் தரப்பும் தன் பதிலை அளித்தது. ஆனால், அவற்றைவிட அடிப்படையான ஒரு கேள்வி இரு அவைகளிலும் உரிய கவனத்தைப் பெறவில்லை. அந்தக் கருவி சூடாக்கும் திரவத்தில் என்னென்ன இருக்கின்றன, அவை நுரையீரலுக்கு ஏற்றவையா என்று ஆராய்ந்து சொல்ல வேண்டியவர் யார் என்பதே அந்தக் கேள்வி.

அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதை அதே செப்டம்பர் மாதத்தில் அமெரிக்கா உணர்ந்துகொண்டிருந்தது. அங்கே இல்லினாய், விஸ்கான்சின் மாநிலங்களில் தொடங்கி, நல்ல ஆரோக்கியத்துடன் இருந்த இளைஞர்கள் மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைகளுக்கு வந்தனர். கிருமித் தொற்று எதுவும் இல்லை. ஆனால் நுரையீரல் செயலிழந்துகொண்டிருந்தது. அனைவருக்கும் பொதுவாக இருந்தது இ-சிகரெட் போன்ற ஆவிக்கருவியைப் பயன்படுத்திய பழக்கம்தான். 2020 பிப்ரவரி வரையிலான கணக்கின்படி, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர், உயிரிழந்தோர் என மொத்தம் 2,807 பேர் பாதிக்கப்பட்டிருந்தனர். அவர்களில் உயிரிழந்தவர்கள் 68 பேர்.

பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி. அடங்கிய எண்ணெய்க் குப்பிகளைப் பயன்படுத்தியவர்கள். அவற்றில் பல, முறையான கடைகளில் வாங்கியவை அல்ல. நண்பர்களிடமும் தெருவோர விற்பனையாளர்களிடமும் வாங்கியவை. ஆனால் நுரையீரலைச் சிதைத்த முதன்மைக் குற்றவாளியாக ஆய்வாளர்கள் அடையாளம் கண்டது கஞ்சாவை அல்ல. வைட்டமின் இ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருளை. 51 நோயாளிகளின் நுரையீரல் திரவத்தைச் சோதித்தபோது 48 பேரிடம் அது காணப்பட்டது. ஒப்பீட்டுக்காகச் சோதிக்கப்பட்ட 99 ஆரோக்கியமானவர்களில் ஒருவரிடம்கூட அது இல்லை.

வைட்டமின் இ அசிடேட் நஞ்சு என்று எந்தப் பட்டியலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. சத்து மாத்திரைகளிலும் முகப்பூச்சுகளிலும் அது இருக்கிறது. விழுங்கினால் பொதுவாகத் தீங்கில்லை. தோலில் தடவினாலும் தீங்கில்லை. கஞ்சா எண்ணெயைப் போலவே கெட்டியாக இருப்பதால், விலையுயர்ந்த எண்ணெயின் அளவைப் பெருக்கிக் காட்டக் கலப்படக்காரர்கள் அதைச் சேர்த்தனர். பாலில் தண்ணீர் கலக்கும் அதே வணிகப் புத்தி. ஆனால் இங்கே கலந்த பொருள் சூடாகி நுரையீரலுக்குள் சென்றது.

ஒரு வேதிப்பொருள் 'பாதுகாப்பானது' என்று சொல்லும்போது அந்தச் சொல் முழுமையானதல்ல. எந்த அளவில், எந்த வழியாக உடலுக்குள் சென்றால் பாதுகாப்பானது என்று சேர்த்துச் சொன்னால்தான் அதற்குப் பொருள் உண்டு. இரைப்பையில் அமிலம் இருக்கிறது. அதைத் தாண்டினால் கல்லீரல் என்ற காவல்காரன் இருக்கிறான். நுரையீரலுக்கு அப்படிப்பட்ட காவல் இல்லை. மூச்சுக் காற்றையும் இரத்தத்தையும் பிரித்து நிற்பது மிக மெல்லிய சவ்வு மட்டுமே.

இந்தப் பாடம் 2019-இல்தான் முதன்முதலாகக் கிடைத்தது என்றும் சொல்வதற்கில்லை. வெண்ணெய்க்கு அதன் மணத்தைத் தருவது டைஅசெட்டைல் என்ற பொருள். பால் புளிக்கும்போது அது இயற்கையாகவே உண்டாகிறது. ஆலையில் செயற்கையாகத் தயாரித்து, சுவையூட்டியாகத் தின்பண்டங்களில் சேர்க்கிறார்கள். உண்பதற்குப் பாதுகாப்பானது என்று அமெரிக்காவில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட பொருள் அது. 2000-ஆம் ஆண்டில் மிசௌரி மாநிலம் ஜாஸ்பர் நகரில் சோளப்பொரி ஆலை ஒன்றில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு, நுண்ணிய மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைபடும் அரிய நோய் வந்திருப்பது தெரியவந்தது. சூடான வெண்ணெய்ச் சுவையூட்டியின் ஆவியை நாள்தோறும் சுவாசித்தவர்கள் அவர்கள். அந்த நோய்க்குச் சிகிச்சை அரிது. சேதமான குழாய் மீண்டும் திறப்பதில்லை. பொரியைத் தின்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பொரியைத் தயாரித்தவர்களின் மூச்சு நின்றது.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 2016-இல்தான், எட்டு மணி நேர வேலையில் காற்றில் சராசரியாக நூறு கோடியில் ஐந்து பங்குக்கு மேல் டைஅசெட்டைல் இருக்கக் கூடாது என்று அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் கூறியது. அதுவும் பரிந்துரைதான்; கட்டாயமல்ல. இதற்கிடையே ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 51 வகை இ-சிகரெட் திரவங்களைச் சோதித்து, 39 வகைகளில் டைஅசெட்டைல் இருப்பதாக 2015-இல் அறிவித்தனர். ஆலைத் தொழிலாளியைத் தாக்கிய ஆவியை, பழ மணத்துக்கும் இனிப்புச் சுவைக்கும் ஆசைப்பட்ட மாணவர்கள் விலை கொடுத்து வாங்கி இழுத்துக்கொண்டிருந்தனர்.

பிழை எங்கே நேர்ந்தது? 1958-இல் அமெரிக்க நாடாளுமன்றம் உணவுச் சேர்மானங்களுக்கான சட்டத்தைத் திருத்தியபோது, பாதுகாப்பானவை என்று வல்லுநர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட பொருள்களுக்கு முன் அனுமதி தேவையில்லை என்று விலக்களித்தது. சுவையூட்டிகளைப் பொறுத்தவரை அந்த வல்லுநர் குழுவை அமைத்தது, அவற்றைத் தயாரிப்போரின் சங்கம். ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு அக்குழு நற்சான்று வழங்கியது. அந்தச் சான்று உண்பதற்கு மட்டுமே பொருந்தும், இ-சிகரெட்டுக்குப் பொருந்தாது என்று அச்சங்கமே பின்னர் வெளிப்படையாகக் கூறிவிட்டது. ஆயினும் சந்தையில் 'உணவுத் தரம் வாய்ந்த சுவையூட்டி' என்ற சொற்றொடர் ஒரு கவசம்போலப் பயன்பட்டது. உணவுக்காகக் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடையை மூச்சுக்கும் பொருத்திவிட்டார்கள்.

இனி இந்தியாவுக்கு வருவோம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ் 2011-இல் வெளியான ஒழுங்குமுறைகள், உணவில் சேர்க்கக் கூடாத சுவையூட்டிகளின் சிறு பட்டியலைத் தருகின்றன. வசம்பு எண்ணெயில் காணப்படும் பீட்டா-அசரோன், கூமரின், சாஃப்ரோல், துஜோன், எஸ்ட்ரகோல் உள்ளிட்டவை அதில் அடங்கும். சுவையூட்டியைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்காலைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அவை கூறுகின்றன. நல்ல விதிகள்தான். ஆனால் இவை அனைத்தும் உண்பவருக்கான விதிகள். ஆலையில் அந்த ஆவியைச் சுவாசிப்பவருக்கோ, தடையை மீறி விற்கப்படும் கருவியில் இழுப்பவருக்கோ அந்தப் பட்டியலில் இடமில்லை.

மதிப்பீடு செய்பவர் யார் என்பதும் முக்கியம். அறிவியல் குழுக்களில் சுயேச்சையான வல்லுநர்களே இடம்பெற வேண்டும் என்று அச்சட்டத்தின் 13-ஆவது பிரிவு கூறுகிறது. சுவையூட்டிகளுக்கென்று ஒரு குழுவையும் அப்பிரிவே குறிப்பிடுகிறது. இருந்தும், தொடக்கத்தில் அமைக்கப்பட்ட குழுக்களில் உணவு நிறுவனங்களின் பிரதிநிதிகள் இடம்பெற்றனர். உச்ச நீதிமன்றம் 2011-இல் தலையிட்ட பிறகே அவை மாற்றியமைக்கப்பட்டன. தேர்வெழுதுபவரே விடைத்தாளையும் திருத்துவது எந்த நாட்டிலும் நல்ல முறையல்ல.

கஞ்சா விவகாரத்தில் நமது சட்டம் இன்னும் விந்தையானது. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம், சரஸ், கஞ்சா ஆகியவற்றுடன், 'நடுநிலைப் பொருள்' சேர்ந்த அல்லது சேராத அவற்றின் கலவையையும் தடைக்குள் கொண்டுவருகிறது. தண்டனையை முடிவு செய்யும்போது கலவையின் மொத்த எடையைக் கணக்கிட வேண்டுமா, போதைப் பொருளின் எடையை மட்டுமா என்ற வழக்கு நீண்டகாலம் நடந்தது. போதைப் பொருளை மட்டும் கணக்கிட வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, நடுநிலைப் பொருளையும் சேர்த்தே எடை போட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

குற்றவியல் நோக்கில் அந்தத் தீர்ப்புக்கு நியாயம் உண்டு. ஆனால் பொதுச் சுகாதார நோக்கில் பார்த்தால், விவாதம் முழுவதும் அந்தப் பொருளின் எடையைப் பற்றியதாகவே இருந்தது; அதன் இயல்பைப் பற்றியதல்ல. அமெரிக்காவில் இளைஞர்களைக் கொன்ற வைட்டமின் இ அசிடேட், நமது சட்டத்தின் கண்ணில் வெறும் 'நடுநிலைப் பொருள்'. குற்றத்தை நிரூபிக்க ஆய்வகம் போதைப் பொருள் இருக்கிறதா என்று சொன்னால் போதும். உடன் கலந்திருப்பது என்ன என்று கேட்க வழக்குக்குத் தேவையில்லை. மருத்துவமனைக்குத் தேவை இருக்கிறது.

சட்டவிரோதமான பொருளைப் பாதுகாப்பானதாக்குவது அரசின் வேலையா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான ஐயம்தான். தடையை நீக்கு என்று இங்கே வாதிடவில்லை. பள்ளி மாணவர்களைக் குறிவைத்த ஒரு வணிகத்தை நாடாளுமன்றம் முளையிலேயே கிள்ளியது சரியே. ஆனால் தடை ஒரு பொருளைக் கடை அலமாரியிலிருந்து அகற்றுமே தவிர, நாட்டிலிருந்து முற்றாக அகற்றிவிடாது. விமான நிலையங்களிலும் பெருநகரங்களிலும் இ-சிகரெட்டுகள் பிடிபடும் செய்திகள் அதற்குச் சான்று. தடை செய்யப்பட்ட பொருளுக்குத் தரக்கட்டுப்பாடு இல்லை. தயாரிப்பாளர் முகவரி இல்லை. புகார் செய்ய இடமில்லை. ஆகவே தடை விதித்த அரசுக்குச் சோதிக்கும் கடமை குறையவில்லை, கூடியிருக்கிறது.

சோதனையின் மதிப்பைத் தமிழக வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து, 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அந்த மருந்தைத் தமிழக அரசின் ஆய்வகம் சோதித்தபோது, 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருப்பது தெரிந்தது. கரைப்பானில் கலந்துவந்த நஞ்சு அது. அந்தச் சோதனை மருந்து ஆலையை விட்டு வெளியேறும் முன்பே நடந்திருந்தால் அத்தனை பிள்ளைகளும் இன்று பள்ளி சென்றுகொண்டிருப்பார்கள்.

இத்தகைய விஷயங்களில் நாடாளுமன்றத்துக்கு ஆற்றல் இல்லை என்று சொல்ல முடியாது. குளிர்பானங்களில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக 2003-இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கூறியபோது, சரத் பவார் தலைமையில் கூட்டுக்குழு அமைக்கப்பட்டது. போஃபர்ஸ், இரு பங்குச் சந்தை ஊழல்கள் ஆகியவற்றுக்குப் பின் அமைந்த நான்காவது கூட்டுக்குழு அது. மக்களின் உடல்நலத்துக்காக அமைந்த முதலாவது. 2004 பிப்ரவரியில் அது அளித்த அறிக்கை மையத்தின் கண்டுபிடிப்பை உறுதி செய்தது. இரண்டே ஆண்டுகளில் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. உறுப்பினர்கள் கேட்டார்கள், பதில் கிடைத்தது.

இப்போது கேட்க வேண்டியவை அதிகமில்லை. பறிமுதல் செய்யப்படும் இ-சிகரெட் திரவங்களிலும் கஞ்சா எண்ணெய்க் குப்பிகளிலும் மாதிரி எடுத்து, போதைப் பொருளை மட்டுமன்றி அதில் உள்ள அனைத்தையும் ஆராய்ந்து, முடிவுகளை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். புதிய நஞ்சு ஒன்று தென்பட்டால் மருத்துவமனைகளுக்கு உடனே எச்சரிக்கை செல்ல வேண்டும். சுவையூட்டி ஒன்றை அனுமதிக்கும்போது, உண்பதற்கான மதிப்பீட்டோடு, அதைக் கையாளும் தொழிலாளி சுவாசிப்பதற்கான மதிப்பீடும் கட்டாயமாக வேண்டும். சுகாதாரத்துக்கான நிலைக்குழு இதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் புதிய சட்டம்கூட முதலில் தேவையில்லை; இருக்கும் ஆய்வகங்களிடம் சரியான கேள்வியைக் கேட்டால் போதும்.

'நடுநிலைப் பொருள்' என்று சட்டம் எழுதிவைக்கலாம். நுரையீரலுக்கு நடுநிலை என்று ஒன்று கிடையாது. உள்ளே வருவது காற்றா, நஞ்சா என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. அந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுச் சொல்லும் பொறுப்பு அரசினுடையது. போட்டார்களா என்று கேட்கும் பொறுப்பு, நாம் தேர்ந்தெடுத்து தில்லிக்கு அனுப்பியவர்களுடையது.